300 ஏன் 256 ஆனது

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. இயந்திரம் ஒரு சில்லை எடுத்துச் சூடான சாக்கெட்டில் வைத்து அழுத்தும். சற்றுப் பொறுத்துச் சோதிக்கும். பிறகு நல்லதை ஒரு ட்ரேயிலும் கெட்டதை இன்னொரு ட்ரேயிலும் போடும். அந்தச் 'சற்று' என்பது 300 மில்லிவினாடி. சில்லு சூடேறி நிலைக்க அவ்வளவு நேரம் தேவை. சில இரவுகளில் அந்த 300 யாரும் தொடாமலேயே 256 ஆகிவிடும்.

இதை முதலில் கண்டது நானல்ல. பிறையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். "தம்பி, சில நாள் ராத்திரியில் மெஷின் அவசரப்படுகிறது" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. 120 சில்லுகள் கொண்ட ஒரு ட்ரே, வழக்கத்தைவிட ஐந்து வினாடி முன்னதாக முடிகிறதாம். கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு கணக்குப் போட்டேன்: சில்லுக்கு 44 மில்லிவினாடி குறைந்தால் 120 சில்லுக்கு ஐந்தேகால் வினாடி. அதே இரவுகளில்தான் நல்ல சில்லுகள் கெட்டவை என்று ஒதுக்கப்பட்டு, மறுசோதனையில் தேறிக்கொண்டிருந்தன.

நிரலில் அந்த 300 குடியிருக்கும் மாறியின், அதாவது பெயரிட்ட நினைவக இடத்தின், பெயரைத் தேடினேன். அதில் எழுதும் இடங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் பச்சைக் குழந்தைபோல் குற்றமற்றவை. பெயரைத் தேடினால் பெயர் சொல்லி எழுதுபவன்தான் அகப்படுவான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் (திரெட்கள்) ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்று முடிவு கட்டி, ஒரு வாரம் பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டேன். நிரல் மெதுவானதுதான் மிச்சம்.

அடுத்து இன்னொரு புத்திசாலித்தனம் செய்தேன். எண் கடைசியாக எப்போது மாறியது என்று குறித்துவைக்க, அந்த மாறிக்குச் சற்று மேலே புதிதாக ஒரு மாறியைச் சேர்த்தேன். கோளாறு நின்றுவிட்டது! ஒன்பது இரவுகள் ஒரு புகாரும் இல்லை. சுங்கை நிபோங்கில் ஒரு மாமாக் கடையில் குழுவுக்கே ரொட்டி சானாயும் தே தாரேயும் என் செலவில். பத்தாம் நாள், இனி எதற்கு என்று அந்தக் கூடுதல் மாறியை எடுத்தேன். அன்றிரவே 256 திரும்பி வந்தது. காரணம் தெரியாமல் சரியான ஒன்றைக் கொண்டாடியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அது ஏன் சரியானது என்று அந்த ஒன்பது நாளில் ஒருமுறை யோசித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

எங்கள் குழுவின் மூத்தவர் அதிகம் பேசமாட்டார். அவரிடம் போய் நின்றேன். "வேறு இயந்திரங்களில் என்ன எண்ணாக மாறுகிறது?" என்றார். பெரிய சில்லுகள் ஓடும் இயந்திரத்தில் 600 என்று வைத்தது 512 ஆகியிருந்தது. "256, 512. தம்பி, உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?"

தோன்றியிருக்க வேண்டும். 300 என்பது 256உம் 44உம். எங்கள் கணினியின் நினைவகத்தில் அது 44, 1, 0, 0 என்று நான்கு பைட்டுகளாக இருக்கும். இந்த வகைச் செயலிகளில் சிறிய பைட்தான் முதலில் வரும். அந்த முதல் பைட்டை மட்டும் யாராவது பூஜ்யமாக்கினால் மிஞ்சுவது 256. 600 என்பது இரண்டு 256உம் 88உம். 88 போனால் 512. ஆக யாரும் '256' என்று எழுதவில்லை. ஒரே ஒரு பூஜ்யம் எங்கிருந்தோ வந்து விழுகிறது. கெட்டுப்போன எண்ணிலேயே கெடுத்தவனின் கையெழுத்து இருக்கிறது. நானோ அது எண் என்பதையே மறந்து, 'தவறு' என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை யாருடையது என்று பிடிக்க வேண்டும். அதற்கு வாட்ச்பாயின்ட் இருக்கிறது. குறிப்பிட்ட முகவரியில் யார் எழுதினாலும் அந்தக் கணமே நிரலை நிறுத்தும் காவல் அது. மாறியின் பெயரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இடம் மட்டும்தான் அதற்குக் கணக்கு. இதற்கான வசதி செயலியிலேயே உள்ளது. இன்டெல் 386இல், 1985இல், முகவரிகளைக் காவல் காக்க நான்கு பதிவேடுகளைச் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். பினாங்குப் பாலம் திறந்த அதே ஆண்டு. பாலத்தில் நெரிசல் தாங்காமல் 2014இல் இரண்டாம் பாலம் வந்துவிட்டது. செயலியில் இன்னும் அதே நான்குதான். நான்குக்கு மேல் கேட்டால், பிழைதிருத்தி (நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) முடியாது என்று கைவிரித்துவிடும். செயலியின் உதவி இல்லாமல் காவல் வைத்தால், அது ஒவ்வொரு கட்டளைக்கும் நிரலை நிறுத்தி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். நூறு மடங்குக்கு மேல் மெதுவாகலாம். ஓடும் இயந்திரத்தில் அது ஆகாத காரியம்.

முதல் முயற்சியில் மானம் போனது. இயந்திரத்தை அக்கா நிறுத்திக்கொடுக்க, ஜிடிபி என்ற பிழைதிருத்தியை ஓடும் நிரலோடு இணைத்து, ஒரு செயற்கூறுக்குள் (நிரலின் ஒரு துண்டுக்குள்) அந்த எண்ணின் இடத்தைக் காட்டும் சுட்டியின் பெயரைச் சொல்லிக் காவல் வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அந்தச் செயற்கூறு முடிந்ததும் அந்தப் பெயருக்கு அர்த்தம் போய்விட்டது. ஜிடிபி 'காவலை நீக்கிவிட்டேன்' என்று அறிவித்து, நிரலையும் நிறுத்திவைத்து, என் உத்தரவுக்காகக் காத்திருந்தது. அக்கா கைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, மெஷின் செத்துப் போச்சா?" என்று அவர் கேட்டபோது பட்டர்வொர்த்தில் என் தலையணை இன்னும் சூடேறவில்லை. மேற்பார்வையாளரிடம் மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத விருப்பமில்லை.

இரண்டாம் முறை 'வாட்ச்' கட்டளையோடு '-எல்' சேர்த்தேன். பெயரை அப்போதே முகவரியாக்கி, அந்த முகவரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் குறி அது. கூடவே, காவல் விழித்தால் யார் யாரை அழைத்து இங்கு வந்தார்கள் என்ற அழைப்பு வரிசையைக் கோப்பில் எழுதிவிட்டுத் தானே தொடரும்படி கட்டளை கொடுத்தேன். இந்தச் சில வரிகள்தான் அன்றிரவு என் தூக்கத்தைக் காப்பாற்றின.

காலையில் கோப்பில் இரண்டு பதிவுகள். இரவு பதினொன்றுக்கு 300, 600 ஆகியிருந்தது. ஆபரேட்டர் பெரிய சில்லுக்கு மாற்றியது, முறையான எழுத்து. இரண்டு மணி தாண்டி 600, 512 ஆகியிருந்தது. பதிவில் காட்டிய வரியைப் பார்த்தால் ஒரு செயற்கூறின் முடிவு வரி, எதையுமே எழுதாத வரி. அரைமணி நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். எழுதிய கட்டளை முடிந்த பிறகுதான் செயலி நிற்கும். எனவே காட்டப்படுவது அடுத்த வரி, திருடன் அதற்கு முந்திய வீட்டில். ஒரு வரி மேலே போனேன். பார்கோடு கருவி வாசித்த லாட் எண்ணை (சில்லுத் தொகுதியின் அடையாள எண்ணை) எழுத்தெழுத்தாக நகலெடுத்து, கடைசியில் முற்றுப்புள்ளியாக ஒரு பூஜ்யத்தை வைக்கும் சுழல். இடம் 16 பைட். வந்த லாட் எண் 16 எழுத்து. பூஜ்யம் பதினேழாவது. பதினேழாவது இடத்தில் குடியிருந்தது எங்கள் 600.

நான் சேர்த்த கூடுதல் மாறி ஒன்பது நாள் ஏன் காப்பாற்றியது என்பது அப்போதுதான் புரிந்தது. லாட் எண்ணின் இடத்துக்கும் அந்தக் காத்திருப்பு எண்ணுக்கும் நடுவே உட்கார்ந்து அடியைத் தான் வாங்கிக்கொண்டது பாவம்.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ்சானிடைசரில் இதே நிரலை முன்பே ஓட்டியிருந்தோம். வாய் திறக்கவில்லை. தனித்தனிப் பொருள்களின் எல்லையைத்தான் அது காக்கும். பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே கட்டமைப்புக்குள் ஓர் உறுப்பு பக்கத்து உறுப்பின் மேல் வழிந்தால் அதற்கு அது ஒரே வீட்டுச் சண்டை, தலையிடாது. 'கருவி பச்சை காட்டியது' என்று யாராவது சொன்னால், கருவி எதைப் பார்க்காது என்று கேட்கப் பழகிவிட்டேன். வாட்ச்பாயின்டுக்கும் இப்படி ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: செயலியைத் தொடாமல், கணினியில் செருகிய ஒரு கார்டு நேராக நினைவகத்தில் எழுதினால் அதற்குத் தெரியாது. இப்போதெல்லாம் மேசைக் கணினியில் ஓட்ட முடிகிற நிரலென்றால் மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் கருவியில் ஓட்டத்தை முழுக்கப் பதிந்துகொள்கிறேன். கெட்ட எண்ணில் காவல் வைத்து, காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால், கெடுத்த கணத்திலேயே போய் நிற்கும். தொழிற்சாலை இயந்திரத்தில் அந்தச் சொகுசு கிடைப்பதில்லை.

16 எழுத்து லாட் எண் ஒரே ஒரு வாடிக்கையாளருடையது. அவர்களுடைய சில்லுகள் இரவில் மட்டும் ஓடின. அக்காவின் நோட்டுப் புத்தகத்தில், 'அவசரப்பட்ட' ஒவ்வொரு இரவுக்கும் எதிரே லாட் எண் எழுதியிருந்தது, நீல மையில், கட்டம் கட்டமாக. எல்லாமே 16 எழுத்து. முதல் வாரமே அதைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம்.

திருத்தம் ஒரு வரிதான். தைப்பூச விடுமுறை முடிந்த மறுநாள் எல்லா இயந்திரங்களிலும் ஏற்றினோம். அடுத்த வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். நீங்கள் கைவைத்த பிறகு இரவு ஷிஃப்டில் மணிக்கு ஓடும் சில்லுகள் குறைந்துவிட்டனவே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.