யோகட் கோப்பையில் ஓர் இதயவறை: மூன்று சனிக்கிழமைகள்

அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று கண்டுபிடித்து ஒரு வருசம். திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்கு ஒரே மூச்சில் ஏறியவ, இப்ப வழியில் மான்கள் நிற்கிற இடத்திலேயே இருந்துவிடுகிறா. கிளினிக்கில் தண்ணியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்புவெளி வெயிலில் அது லேசில்லை.

எனக்கு ஒன்று இடித்தது. உயர்தரத்தில் படித்தது இப்படி: இதயவறைக்குள் குருதி கூட வந்து நிறைந்தால், அடுத்த துடிப்பு கூடப் பலமாகத் தள்ளும். அப்படியானால் பலவீனமான இதயத்துக்கு ஏன் நிரப்புவதைக் குறைக்க வேண்டும்? செய்து பார்க்கத் தொடங்கினேன்.

முதற் சனி, பலூன். தண்ணீர்ப் போத்தலைக் கயிற்றில் தொங்கவிட்டு, சேலைன் குழாயால் பலூனோடு இணைத்தேன். போத்தலின் உயரம்தான் நிரப்பும் அமுக்கம். ஓய்வில் இடது இதயவறை நிரம்பி முடிகிறபோது உள்ளே ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இரச அமுக்கம் இருக்கும். தண்ணீரில் அது 14 சென்ரிமீற்றர்தான். அந்த உயரத்தில் பலூன் அசையவேயில்லை. உயர்த்திக்கொண்டே போக, 40 சென்ரிமீற்றர் கிட்ட திடீரென்று ஊதி, போத்தல் தண்ணீர் முழுவதையும் விழுங்கிவிட்டது. பலூனுக்குத் தொடக்கம்தான் கடினம், பிறகு இளகிவிடும். இதயவறை நேரெதிர்: முதலில் இளக்கம், நிறைய நிறைய இறுக்கம்.

இரண்டாம் சனி, யோகட் கோப்பையின் வாயில் மருத்துவக் கையுறை ரப்பரைப் பறைத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினேன். அடியில் இரண்டு குழாய், இரண்டுக்கும் கிளிப். நிரப்பி, உள்வழியை மூடி, வெளிவழியைத் திறந்து, வந்த தண்ணீரைச் சிரிஞ்சால் அளந்தேன். 10 சென்ரிமீற்றர் உயரத்தில் 13 மில்லிலீற்றர், 20இல் 17, 30இல் 20, 40இல் 22. கூட நிரப்பினால் கூடத் தள்ளுகிறது, போகப்போக ஏற்றம் குறைகிறது. பாடப்புத்தக வரைபு அப்படியே! அன்றிரவு சந்தோசத்தில் நித்திரையே வரவில்லை.

விடியத்தான் பிழை விளங்கியது. ரப்பர் தந்தது முழுக்கப் போத்தலிடம் வாங்கிய கடன். இதயம் அப்படி இல்லை. ஒட்டோ பிராங் 1895இல் தவளை இதயத்திலும், ஏர்னஸ்ற் ஸ்ராலிங் 1914இல் லண்டனில் தன் சகாக்களோடு நாயின் இதயத்திலும் கண்டது, தசை தன் சொந்தச் சக்தியைக் கூடச் செலவழிப்பதை. தசைநார் நீளும்போது, அதற்குள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கிற அக்ரின், மயோசின் என்ற புரத இழைகள் பிடிக்க வசதியாக அமைகின்றன. தசையைச் சுருங்கச் சொல்கிற கல்சியத்தின் அதே அளவுக்குக் கூடுதலாக இசைகின்றன. ரப்பரில் அதைக் காட்ட வழியே கிடையாது.

ஆகவே மூன்றாம் சனி ரப்பரை விட்டு என் கையையே எடுத்தேன். வீட்டில் பிறசர் பார்க்கிற கருவியின் பட்டியைச் சுருட்டி, 20 மில்லிமீற்றர் இரசம் வரை காற்றடித்து, இறுக்கிப் பொத்தினேன். மணிக்கட்டைச் சற்றுப் பின்னுக்கு வளைத்தபோது முள் 210. உள்ளுக்கு முழுவதும் மடித்தபோது 130ஐத் தாண்டவில்லை. அதே கை, அதே மூச்சுப் பிடிப்பு. விரல் மடக்கும் தசைகள் முன்னமே சுருங்கி நின்றதுதான் வித்தியாசம். கைத்தசையும் இதயத்தசையும் ஒன்றல்ல, ஆனாலும் நீளம் பலத்தை மாற்றும் என்பதை உடம்பாலேயே உணர்ந்தேன். (நீங்களும் ஒரு துவாயைப் பிழிந்து பாருங்கள்.)

அம்மாவுக்கு ஏன் தண்ணியைக் குறைக்கச் சொன்னார்கள் என்ற என் கேள்விக்கும் இதில் பதில் இருந்தது. நிரப்புவதற்கு எதிராகத் தள்ளுவதை வரைந்தால், நல்ல இதயத்தின் வரைபு செங்குத்தாக ஏறும்: நடக்கும்போது கால் தசைகள் நாளங்களைப் பிழிந்து கூடக் குருதி அனுப்ப, இதயம் அதை அப்படியே முன்னுக்குத் தள்ளிவிடும். பலவீனமான இதயத்தின் வரைபு தட்டை. எவ்வளவு நிரப்பினாலும் தள்ளுவது பெரிதாகக் கூடாது. உள்ளமுக்கம் மட்டும் ஏறி, பின்னுக்கு நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும், காலும் வீங்கும். சலம் போகிற குளிசை தருவது அந்த மேலதிகத்தை இறக்கத்தான்.

கோப்பையை வைத்து விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு அம்மா, "அப்ப தேத்தண்ணியும் கணக்குத்தானே பிள்ளை?" என்றா. கணக்குத்தான். இப்போது ஒரு நாளைக்குரிய அளவைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றி வைக்கிறோம், தேத்தண்ணிக்கும் அதிலிருந்துதான். அடுத்த சனி வெளிக்குழாயை மேலே உயர்த்தி, எதிரமுக்கம் கூடினால் என்ன நடக்கிறது என்று பார்க்கப்போகிறேன்.