வாசலிலேயே சொல்லிவிடுவோம்: ஒஹாயோ மாநாட்டு நாட்குறிப்பு

ஏப்ரல் 10, 2024, புதன். டொலீடோ

கர்ப்பகால உதவி மையங்களின் மாநில மாநாடு நாளை கொலம்பஸில் தொடங்குகிறது. எங்கள் மையத்தின் ஸ்கேன் அறையைக் கவனிக்கும் செவிலியர் என்ற முறையில் என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். ஸ்கேன் பயிற்சியைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஒரு பெண் ஸ்கேன் அறைக்குள் வருவதற்கு முன்பே, விளம்பரத்திலும் தொலைபேசியிலும் வாசல் பலகையிலும் அவளிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றியே பேச நினைத்திருக்கிறேன்.

கருவில் இருப்பது ஓர் உயிர், அது காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அந்த நம்பிக்கையை ஏற்காத பெண்ணும் எங்கள் கதவைத் தட்டுவாள். இங்கே கருக்கலைப்பு செய்வதில்லை, அதற்காக வேறிடத்துக்கு அனுப்புவதும் இல்லை என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 11, வியாழன். கொலம்பஸ்

அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தாலும் முகங்களில் சென்ற ஆண்டின் களைப்பு தெரிந்தது. 2023 நவம்பர் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் கருக்கலைப்பு உரிமையை ஒஹாயோவின் அரசமைப்பிலேயே சேர்க்க வாக்களித்தார்கள். கருக்கலைப்பு அரசமைப்பு தரும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. எனக்கும் வருத்தம்தான். ஆயினும் நம் பணி தேர்தலில் தொடங்கியதில்லை என்பதைப் பலரிடமும் சொன்னேன். ஹார்ட்பீட் இன்டர்நேஷனல் என்று இன்று அறியப்படும், இத்தகைய மையங்களின் கூட்டமைப்பு 1971-ல், கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் 'ரோ' தீர்ப்பு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, டொலீடோவின் மகப்பேறு மருத்துவர் ஜான் ஹில்லப்ராண்டு போன்றவர்களின் முயற்சியில் உருவானது.

கண்காட்சிக் கூடத்தில் ஸ்கேன் கருவிகள், பெற்றோர் பயிற்சிப் பாடங்கள், பதிவேட்டு மென்பொருள்கள் என்று வழக்கமானவை இருந்தன. உள்ளூர்க் கிளை பாதித் தொகையைத் திரட்டினால் மீதியைத் தலைமை கொடுத்து ஸ்கேன் கருவி வாங்கித் தரும் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பின் திட்டத்தைப் பற்றி, தெற்கு ஒஹாயோவின் சிறிய மையம் ஒன்றிலிருந்து வந்திருந்த இயக்குநருக்கு விளக்கினேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பேச்சு முடிந்தது. 2018-ன் வழக்கிலிருந்து தொடங்கினேன். கருக்கலைப்புக்கு அரசு உதவி கிடைக்கும் என்ற அறிவிப்பை உரிமம் பெற்ற மையங்கள் வைக்க வேண்டும், உரிமம் இல்லாதவை தங்களுக்கு உரிமம் இல்லை என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் இயற்றியது. நம் மையங்களுக்குச் சட்ட உதவி செய்யும் நிஃப்லா அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மையங்களின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்றவள். ஆனால் அரசு எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னதற்கு, வருகிற பெண்ணுக்குத் தெரிய வேண்டியதை மறைக்கலாம் என்று பொருளில்லை. விளம்பரங்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்று நம் கூட்டமைப்புகளே ஏற்றுக்கொண்ட பொது நெறிமுறை சொல்கிறது; அதை எழுத்தளவில் காப்பாற்றிவிட்டு, தேடுபொறி விளம்பரத்தில் மட்டும் பட்டும் படாமலும் எழுதுவது அந்த நெறிமுறைக்கு உகந்ததல்ல என்றேன்.

பிறகு முன்வரிசையில் இருந்த தன்னார்வலர் ஒருவரை மேடைக்கு அழைத்து, தொலைபேசி உரையாடலை நடித்துக் காட்டினோம். "கருக்கலைப்புக்கு அங்கே எவ்வளவு ஆகும்?" என்று அவர் கேட்டார். "நாங்கள் கருக்கலைப்பு செய்வதில்லை, அதற்காக எங்கும் அனுப்புவதும் இல்லை. கர்ப்பப் பரிசோதனையும் ஸ்கேனும் இலவசமாகச் செய்கிறோம். வர விரும்புகிறீர்களா?" என்றேன். அரங்கு அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் இருந்த மூத்த இயக்குநர் எழுந்து, "இப்படிச் சொன்னால் பாதிப் பேர் தொலைபேசியை வைத்துவிடுவார்களே, அந்தக் குழந்தைகளின் கதி என்ன?" என்று கேட்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்து எழுந்து போகும் பெண் நம்மிடம் திரும்ப வரமாட்டாள், தன் தோழியையும் வர விடமாட்டாள். தெரிந்தே வருபவளோ நாம் சொல்வதைக் கேட்கும் மனத்தோடு உட்காருவாள் என்று பதில் சொன்னேன். அவர் முழுமையாக ஏற்கவில்லை. தேநீர் இடைவேளையிலும் எங்கள் விவாதம் தொடர்ந்தது.

ஸ்கேனைப் பற்றியும் ஒன்றைச் சொன்னேன். நாங்கள் செய்வது வரையறுக்கப்பட்ட ஸ்கேன்: கரு கருப்பைக்குள் இருக்கிறதா, இதயத் துடிப்பு உண்டா, எத்தனை வாரம் என்பவை மட்டுமே. கருப்பைக்குள் எதுவும் தெரியாதபோது, கரு கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும் என்று கருதி அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். "அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது உயிருக்கே ஆபத்து. இந்த இடத்தில்தான் பலரும் குறிப்பெடுத்தார்கள்.

ஏப்ரல் 13, சனி

காலை முழுவதும் அறிமுகங்களும் விசிட்டிங் கார்டுகளும். மிகப் பயனுள்ள சந்திப்பு எங்கள் பகுதியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஒருவரோடு அமைந்தது. காப்பீடு இல்லாத பெண்களையும் அன்றே பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டேன். தன் அலுவலகத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மாத்திரைக் கருக்கலைப்பைப் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோனைக் கொடுத்து நிறுத்தும் முறையைப் பற்றிய அமர்வில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி அதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது. கலிபோர்னியாவில் 40 பெண்களை வைத்துத் திட்டமிட்ட ஆய்வு, 12 பேர் சேர்ந்த நிலையிலேயே கடும் இரத்தப்போக்கு காரணமாக 2019-ல் நிறுத்தப்பட்டது. இரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் புரோஜெஸ்ட்ரான் பெறாதவர்களும் இருந்தார்கள் என்று அமர்வில் சுட்டிக்காட்டியது சரியே. ஆனாலும் ஆதாரம் உறுதியாகும்வரை எங்கள் சுவரில் அந்தச் சுவரொட்டியை ஒட்ட நான் சம்மதிக்கமாட்டேன்.

மதிய உணவின்போது, வளர்க்க இயலாத பச்சிளங்குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச் செல்லத் தீயணைப்பு நிலையங்களில் வைக்கப்படும் குழந்தைப் பெட்டிகளைப் பற்றி ஒருவர் விளக்கினார். ஒஹாயோ சட்டப்படி பிறந்து 30 நாட்களுக்குள் குழந்தையை ஒப்படைத்துவிடலாம். 1992-ல் தமிழ்நாட்டின் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றி நான் சொன்னதும் அவர் வியந்து போனார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க ஓர் அரசே தொட்டில் வைக்க நேர்ந்ததை விளக்கும்போது என் குரல் தழுதழுத்தது.

ஏப்ரல் 16, செவ்வாய். டொலீடோ

அந்த மருத்துவரின் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். கருக்குழாய்க் கர்ப்பம் என்று ஐயம் எழுந்தால் வார நாட்களில் நேரடியாக அழைக்க ஓர் எண்ணையும், மாலையிலும் வார இறுதியிலும் எந்த அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பையும் தந்தார்கள். இரண்டையும் தட்டச்சு செய்து ஸ்கேன் கருவியின் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

இன்று மாலை நிர்வாகக் குழு கூடியது. இணையதளத்தின் முதல் பக்கத்திலும் வாசல் பலகையிலும், நாங்கள் செய்யாதவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஒரு உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார். கூட்டம் முடிந்ததும், பலகை எழுதும் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னவரும் அவரே. வெள்ளிக்கிழமைக்குள் வாசகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.