உள்வாங்கிய மலை

காலை ஆறு மணிக்கு ங்கோரோங்கோரோ விளிம்பில் நின்றபோது மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. தான்சானியாவின் அந்த மலைச்சாலை 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் போகிறது. கம்பளி இல்லாமல் நிற்க முடியாது. பனி விலகியதும் காலடியில் 600 மீட்டர் ஆழத்தில், சுற்றிலும் மதில் எழுப்பியது போல ஒரு சமவெளி. 260 சதுர கிலோமீட்டர் புல்.

எரிமலை வெடித்துச் சிதறி உண்டான பள்ளம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, மலையே உள்வாங்கியிருக்கிறது. 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, அடியில் தேங்கியிருந்த கற்குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்தது. தாங்குவதற்கு எதுவும் இல்லாத உச்சி தன் கனத்தாலேயே அமிழ்ந்துபோனது. அதற்கு முன் கிளிமஞ்சாரோவுக்கு இணையாக உயர்ந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். இப்படி அமிழ்ந்த பெருவாய்க்கு கால்டெரா என்று பெயர். பல கால்டெராக்கள் தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டன. இது நிரம்பவும் இல்லை, இதன் சுவர் உடையவும் இல்லை.

ஜீப் கீழே இறங்கியதும் மகாடி ஏரி. உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. வெயிலில் வற்ற வற்ற எரிமலை மண்ணின் சோடா உப்பு மட்டும் மிஞ்சுகிறது. கரையோரம் பொரிந்த சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு. அந்தக் காரநீரில் செழிக்கும் நுண்பாசிதான் பூநாரைகளின் உணவு, அவற்றின் இளஞ்சிவப்பும் அதிலிருந்தே வருகிறது. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்தபடி நூற்றுக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தன.

வரிக்குதிரை, எருமை, காட்டுமாடு எல்லாம் கூட்டங்கூட்டமாக இருந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்றுகூட இல்லை. செங்குத்துச் சரிவில் அதனால் இறங்க முடியாது என்றார் ஓட்டுநர். அது மேயும் மரங்களும் இங்கே குறைவு.

நண்பகலில் ஒரு பெண்சிங்கம் வந்து எங்கள் ஜீப்பின் நிழலில் படுத்தது. மூக்கில் பழைய கீறல், காதைச் சுற்றி ஈக்கள். 1962-இல் பெருமழைக்குப் பின் பெருகிய கடிக்கும் ஈக்களால் இங்கிருந்த சிங்கங்களில் பத்துப் பன்னிரண்டுதான் பிழைத்தன. பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை மிகச் சில. உறவுக்குள்ளேயே இனம் பெருகி, நோய் வந்தால் தாங்காத பரம்பரையாகிவிட்டது. யானைகளுக்கும் எருமைகளுக்கும் அரணாக நிற்கும் அதே சுவர்தான் சிங்கத்துக்குச் சிறை. அதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

என்ஜினைக் கிளப்பாமல் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். காதை ஒருமுறை உதறினாள், எழுந்தாள், புல்லுக்குள் போய்விட்டாள்.