நாற்பது என்பது ஆண்டு அல்ல

மிச்சிகனில் ஒரு வீட்டு வாசலில் நடந்த பழம்பொருள் விற்பனையில், பதினைந்து டாலருக்கு ஒரு டெய்சி ரெட் ரைடர் பிபி துப்பாக்கியை (சிறு எஃகுக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுடுவது) வாங்கினேன். அதன்மேல் 'எண் 111, மாடல் 40' என்று பொறித்திருந்ததால் 1940ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். அந்த மாடல் 1940வாக்கில் வந்தது என்பது சரிதான். ஆனால், இரண்டாம் உலகப் போரின்போது நின்றுபோன உற்பத்தி மீண்டும் தொடங்கிய பிறகும் அதே எழுத்துகளைத்தான் பொறித்துவந்தார்கள்.

எனவே பாகங்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. போருக்கு முந்தியவற்றில் லீவர், அதாவது சுடுவதற்குமுன் ஸ்பிரிங்கை இறுக்க இழுக்கும் கைப்பிடி, வார்ப்பிரும்பாக இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். குழலில் கப்பென்று ஒட்டிய அது, லீவரில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. லீவர் அலுமினியம், ஆகவே துப்பாக்கி போருக்குப் பிந்தியது. பிடிக்கட்டையோ மரம், ஐம்பதுகளில் அது பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. பொறித்திருந்த ஊர் மிச்சிகனின் பிளிமத். டெய்சி நிறுவனம் 1958இல் அங்கிருந்து அர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. இவற்றை ஒன்றுசேர்த்தால் நாற்பதுகளின் பிற்பாதி அல்லது ஐம்பதுகளின் தொடக்கம் என்றே கொள்ள வேண்டும்.

விசையை அழுத்தினால் சத்தம் மட்டும் வந்தது. குண்டு குழல்வாயிலிருந்து உருண்டு என் செருப்பருகே விழுந்தது. லீவர் அழுத்திவைக்கும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னே தள்ள, அது நெருக்கும் காற்றுதான் குண்டை உந்துகிறது. பிஸ்டன் முனையிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். உடனே பிரித்துவிடக் கை பரபரத்தது. ஆனால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயக்கூடும் என்பதால், முதலில் சில சொட்டு மோட்டார் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் நிறுத்திவைத்தேன். மூன்றாம் நாள் குண்டு அட்டைப்பெட்டியைத் துளைத்தது. (எஃகுக் குண்டு கடினமான பரப்பில் பட்டால் திரும்பித் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது.)

துருவை மட்டும் மென்மையான எஃகுப் பஞ்சாலும் எண்ணெயாலும் தேய்த்து எடுத்தேன். புதுச் சாயம் பூசவில்லை. தேய்ந்திருந்தாலும் ஆலையில் ஏறிய நீலப் பூச்சைத்தான் சேகரிப்பாளர்கள் மதிப்பார்கள், எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. பக்கவாட்டு வளையத்தில் இருந்திருக்க வேண்டிய தோல்வாரைக் காணோம். அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.