செப்புத் தகட்டுச் சிற்பம்: அடியும் அனலும்

செப்புத் தகட்டில் சிலை செய்யப் பழக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது சுத்தியலைப் பற்றித்தான். வேலையில் பாதி அடுப்பில் இருக்கிறது என்பது தகடு ஒருமுறை கிழிந்த பிறகே உறைக்கும்.

செம்பு அடிக்க அடிக்க இறுகும். மந்தமாக விழுந்த சத்தம் கணீரென்று மாறி, சுத்தியல் கையில் எகிறினால் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் ஒரு சுற்று’ என்று இழுத்தால் விளிம்பு வெடிக்கும். இறுகிய தகட்டை அடுப்பில் காய்ச்சினால் மறுபடி மிருதுவாகும். காய்ச்சுவதை வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்துக்கொள்வது நல்லது. மங்கிய சிவப்பு, ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ், போதும். வெயிலில் அந்தச் சிவப்பு தெரியாது. தெரிகிறபோது சூடு மீறியிருக்கும், பிறகு அடித்தால் பரப்பு சொரசொரக்கும். சிவந்த செம்பைத் தண்ணீரில் அமுக்கலாம், எஃகைப் போல விறைக்காது. காய்ச்சியதில் படிந்த கருப்பு உரிய 10 சதவீதக் கந்தக அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் தெறிக்கும்.

1 மி.மீ. தகட்டைக் குழியில் வைத்து அடித்தால் நடு மெலியும். இரும்பு முளைமேல் வைத்து வெளியிலிருந்து சுருக்கி எழுப்பினால் விளிம்பு தடிக்கும். தலை, தோள் போன்ற ஆழமான உருவங்களுக்கு இரண்டாவதுதான் சரி, நாளானாலும். சுருக்கும்போது விழும் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படிவதற்குள் நீவிவிட வேண்டும். படிந்ததை அடித்து மறைக்கலாம். பிறகு அதே கோட்டில் விரிசல் விடும். கடைசிச் சுற்றுச் சுத்தியலின் முகத்தில் கீறல் இருந்தால் ஒவ்வோர் அடியிலும் அது தகட்டில் பதியும்.

கண், மூக்கு, உதடு எல்லாம் அரக்கின்மேல் உளியால். குங்கிலியம், செங்கல்தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கில் தூள் கூடினால் நொறுங்கும், எண்ணெய் கூடினால் உளிக்குத் தாங்காது. தகட்டுக்கு அடியில் காற்று நின்ற இடத்தில் உளி பொத்துவிடும்.

செம்போடு செம்பை இணைக்கப் பாஸ்பரஸ் கலந்த செப்புக் கம்பியை உருக்கினால், பற்றுவைக்கத் தூவும் வெண்காரம்கூட வேண்டாம். அதே கம்பியை இரும்பில் வைத்தால் இணைப்பு தட்டினாலே விட்டுப்போகும்.

உள்ளே தாங்கும் சட்டத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலை சுமார் 2.4 மி.மீ. செப்புத் தகட்டை அடித்துச் செய்தது. உள்ளே இரும்புப் பட்டைகள், இரும்பும் செம்பும் தொடாதபடி இடையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). ஈரம் புகுந்து இரும்பு துருவேறி உப்பி, பட்டைகளைத் தகட்டோடு பிடித்திருந்த செப்புப் பிடிகளின் ஆணிகளையே பிடுங்கியது. 1980களில் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றி, இடையில் டெஃப்ளான் வைத்தார்கள். வெளியில் நிற்கப்போகும் சிலைக்கு இன்றும் இதே ஏற்பாடுதான். கூடவே அடியில் நீர் வடிய ஒரு துளை.