லேசர் அறைக்கு வரும் முன்னாள் மொட்டையன்கள்

ஜேர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் ஒரு தோல் டொக்டரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். உடம்பில் குத்திய பச்சையை அழிக்கும் லேசர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. 2020 முடிவிலிருந்து சட்டப்படி லேசரை டொக்டர்தான் கையில் எடுக்கலாம், ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேலையெல்லாம் எங்களுடையது: படம் எடுத்து வைப்பது, மரப்புக் களிம்பு பூசுவது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிடுவது, குளிர்காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் பழைய காதலியின் பெயரை அழிக்க வருவார்கள், இல்லையென்றால் விடுமுறைக்குப் போன இடத்தில் அவசரப்பட்டுக் குத்திய டொல்பினை. இடைக்கிடை வேறு மாதிரி ஆட்களும் வருவார்கள், ஒரு காலத்தில் ஹிட்லரைப் போற்றும் நவநாசிகளாக இருந்தவர்கள். நாற்பதைத் தாண்டிய வயது, மரியாதையான பேச்சு, கோடையிலும் முழுக்கைச் சட்டை. சட்டையைக் கழற்றும்போது முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்படி வந்த ஒருவரோடு நீண்ட காலம் பழக வேண்டி வந்தது. லேசர் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. ஒளியின் மிகச் சிறு துடிப்புகள் தோலுக்குள் இருக்கும் மையை நொறுக்கும், நொறுங்கியதை உடம்பின் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும், அதற்கு ஆறு எட்டு வாரம் விட்டுத்தான் அடுத்த தடவை. கொதி எண்ணெய் தெறிப்பதுபோல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒளி பட்ட இடம் உடனே வெள்ளையாகப் பொங்கும், முடி கருகுகிற மணம் அறை முழுக்க வரும். காப்புறுதியும் பொதுவாகக் காசு கட்டாது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒருவர் வருகிறார் என்றால் சும்மா வரவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

அவருடைய முழங்கையில் சிலந்தி வலை, கெண்டைக்காலில் 88, மார்பில் 14. லத்தீன் எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்துத்தான் ஹிட்லர் வணக்கத்தின் இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்து, ஆகவே 88. சுவஸ்திகாவை வெளியில் காட்டினால் ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவு பிடிக்கும், இலக்கத்தை அப்படி லேசில் பிடிக்க முடியாது. 14 அமெரிக்காவிலிருந்து வந்தது. வெள்ளை இனத்தின் இருப்பையும் வெள்ளைக் குழந்தைகளின் எதிர்காலத்தையும் காப்பாற்ற வேண்டும் என்கிற பதினான்கு சொல் கோஷம் அது. எழுதியவர் டேவிட் லேன், 1984இல் ஒரு யூத வானொலிக்காரர் கொல்லப்பட்டது தொடர்பான வழக்கில் தண்டனை பெற்று 2007இல் சிறையிலேயே இறந்தவர். இந்த நம்பிக்கைகளில் பெரிதாக ஆழம் எதுவும் கிடையாது. வெள்ளையர் அழிக்கப்படுகிறார்கள், அழிக்கிறவர்கள் யூதர்கள், அவர்கள் அனுப்புகிற கூலிகள்தான் எங்களைப் போன்ற வெளிநாட்டவர்கள், ஆகவே அடி. இவ்வளவுதான். என்னோடு கதைத்த அந்த மனிதர் இதை ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லையாம். எல்லாம் பாட்டில் கேட்டதுதான்.

ஸ்கின்ஹெட் என்று அழைக்கப்படும் இந்தக் கூட்டத்தை எங்கள் ஆட்கள் மொட்டையன்கள் என்றுதான் சொல்வார்கள். அப்பா, 80களில் வந்த எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனங்கள் பலரையும் போல, கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்தவர். அம்மாவும் நானும் பிறகு வந்து சேர்ந்தோம். 1993 மே 29ஆம் திகதி சோலிங்கன் நகரில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் செத்தார்கள், கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது. தண்டிக்கப்பட்ட நான்கு பேரும் 16 முதல் 23 வயதுக்குள் இருந்த பொடியன்கள். நாங்கள் அதே மாநிலத்தில் ஒரு ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், இருந்தோம். அன்றிலிருந்து கொஞ்ச காலம் ஆண்கள் முறைவைத்து வாசலில் இரவு முழுக்கக் குந்தியிருப்பார்கள், படிக்கட்டில் தட்டுக்குத் தட்டு தண்ணீர் வாளி இருக்கும். படுக்கும்போது சப்பாத்தை நாடா தளர்த்தி, காலை விட்டால் உடனே ஏறுகிற மாதிரி கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அம்மா ஒவ்வொரு இரவும் வந்து பார்ப்பார்.

அதனால் இந்த மொட்டையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை வேலைக்காக மட்டும் நான் தேடிப் படிக்கவில்லை. ஆரம்பம் லண்டனில், 1960களின் கடைசியில். தொழிலாளர் குடும்பத்துப் பொடியன்கள், ஒட்ட வெட்டிய தலை, காற்சட்டைக்கு வார், டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்து. அந்தச் சப்பாத்தே 1960இல் தொழிலாளர்களுக்காகச் சந்தைக்கு வந்ததுதான். அவர்கள் ஆடிய பாட்டு ஜமைக்காவின் ஸ்காவும் ரெகேயும். பக்கத்துத் தெருவில் இருந்த ஜமைக்காப் பொடியன்களின் நடையுடையைப் பார்த்துத்தான் பாதியைப் படித்தார்கள். 1969இல் டெஸ்மண்ட் டெக்கர் என்கிற ஜமைக்காப் பாடகரை பிரித்தானியப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனதில் இவர்களுக்கும் பங்கு இருந்தது. கறுப்பர்களின் இசைக்கு ஆடிய கூட்டம் எப்படி வெள்ளை இன வெறிக்குப் போனது என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பாகிஸ்தானியர்களையும் இந்தியர்களையும் தேடிப் பிடித்து அடிப்பது அந்த முதல் காலத்திலேயே இருந்தது. பிரித்தானிய அரசியல்வாதி ஈனொக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு 1968 ஏப்ரலில். 1970 ஏப்ரலில் கிழக்கு லண்டனில் டோசிர் அலி என்ற தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். ரெகே ஒலித்துக்கொண்டிருந்த காலம்தான் அதுவும். ஜமைக்காக்காரனோடு ஆடிவிட்டு வங்காளியை உதைக்க முடிந்திருக்கிறது.

அப்புறம் 70களின் கடைசியில் மொட்டை மறுபடி வந்தபோது அதற்காகவே காத்திருந்தது பிரித்தானியாவின் தீவிர வலதுசாரி நஷனல் ஃப்ரண்ட் கட்சி. உதைபந்தாட்ட மைதான வாசல்களில் பத்திரிகை விற்று ஆள் சேர்த்தார்கள். 1978 மே 4ஆம் திகதி கிழக்கு லண்டனின் வைட்சப்பலில் அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார், பிறகு ஆயிரக்கணக்கான வங்காளிகள் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் வீட்டுத் தெருவரை நடந்தார்கள். 1981 ஜூலையில் மேற்கு லண்டனின் சவுத்தோலில் மொட்டைகளின் இசைக்குழுக்கள் பாட வந்த மதுச்சாலையை அங்கிருந்த ஆசிய இளைஞர்கள் எரித்தார்கள். அதே மொட்டைகளில் இனவெறிக்கு எதிராக நின்றவர்களும் இருந்தார்கள், 80களில் நியூயோர்க்கில் அதற்கென்றே ஒரு அமைப்பும் உண்டானது. அவர்களை நான் மறுக்கவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இதற்குப் பிறகுதான். ஸ்க்ரூட்ரைவர் என்ற பிரித்தானிய இசைக்குழுவின் பாடகர் இயன் ஸ்டுவர்ட் டொனால்ட்சன். 1976இல் சாதாரண பங்க் குழுவாகத் தொடங்கி, கலைந்து, 80களின் தொடக்கத்தில் வெள்ளை அதிகாரப் பாட்டோடு திரும்பி வந்தார். 1987இல் பிளட் அண்ட் ஆனர் என்ற வலையமைப்பைத் தொடங்கினார். 1993இல் கார் விபத்தில் செத்தார், ஆனால் அதற்குள் அந்தப் பாட்டு ஐரோப்பா முழுக்கப் போய்விட்டது. அதை இசைத்தட்டாக வெளியிட்ட கொம்பனிகளில் முக்கியமானது ரொக்-ஓ-ராமா, கேல்ன் நகருக்குப் பக்கத்தில் புரூல் என்ற ஊரில் இருந்தது. அதாவது நான் வேலை செய்கிற இதே மாநிலம். நாங்கள் ஹைம் வாசலில் மொட்டைத் தலை தெரிகிறதா என்று விழித்திருந்த காலத்தில், அந்தத் தலைகளுக்குள் போவதைத் தயாரித்தவர்கள் ஒழுங்காக முடி வளர்த்து, கடிதத் தலைப்பு அச்சடித்து, தபாலில் சரக்கு அனுப்பி வியாபாரம் பார்த்திருக்கிறார்கள். பேர்லினின் லான்ட்சர் என்ற நவநாசி இசைக்குழுவை நீதிமன்றம் குற்றவியல் அமைப்பு என்று தீர்ப்பளித்ததே 2003இல்தான்.

என் நோயாளி சாக்சனியில் வளர்ந்தவர், 1991இல் பதினான்கு வயது. தகப்பன் வேலை செய்த பழுப்பு நிலக்கரி ஆலையில் ஆட்குறைப்பு, பொடியன்கள் கூடும் மன்றத்துக்கும் பூட்டு. பெரிய பொடியன்களிடம் ஒலிநாடாவும் பொம்பர் ஜக்கெட்டும் இருந்தன. “அரசியல் பிறகுதான் வந்தது, முதலில் அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்” என்றார். நம்புகிறேன். ஆனால் அந்த வருடம் செப்டெம்பரில் அதே பகுதியில் ஹொயர்ஸ்வெர்டா நகரில் மொசாம்பிக், வியட்நாம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் விடுதியை நாட்கணக்கில் தாக்கினார்களே, அந்தத் தொழிலாளர்களுக்கும்தான் பேர்லின் சுவர் விழுந்ததோடு வேலை போனது. யாரையும் அவர்கள் எரிக்கப் போகவில்லை. வேலையின்மை ஒரு காரணம் என்றால் ஏற்பேன், அதுதான் காரணம் என்றால் ஏற்க மாட்டேன்.

கைதட்டியவர்களையும் சேர்க்க வேண்டும். ஹொயர்ஸ்வெர்டாவில் தாக்கப்பட்டவர்களைத்தான் பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள், அயலவர்கள் நின்று கைதட்டினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் ரொஸ்டொக் லிக்டன்ஹாகனில், சுவரில் சூரியகாந்திப் படம் உள்ள கட்டடத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் இருக்கும்போதே தீ வைத்தார்கள், கூரை வழியாகத்தான் தப்பினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், அவர்களில் பெரும்பாலோர் மொட்டையன்கள் இல்லை. பொலிஸ் இடையில் பின்வாங்கிப் போனது. சோலிங்கனுக்கு மூன்று நாள் முந்தி நாடாளுமன்றம் அகதித் தஞ்ச உரிமையைச் சுருக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தியது. பதினாறு வயதுப் பொடியனுக்கு இது எப்படி விளங்கியிருக்கும்? தான் செய்வதை நாடே விரும்புகிறது என்றுதான்.

இப்படிப்பட்டவர்களுக்கு நான் களிம்பு பூசுவது அப்பாவுக்குப் பிடிக்காது. “நோகட்டும், காற்றுக் குழாயை ஏன் பிடிக்கிறாய்” என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் கோபம் நியாயமானது, நான் வாதாடுவதில்லை. என் நிலைப்பாடு வேறு. வெளியே வருகிறவனுக்கு ஒரு வாசல் வேண்டும். 2000இல் ஒரு முன்னாள் பொலிஸ்காரரும் ஒரு முன்னாள் நவநாசியும் சேர்ந்து எக்ஸிட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2011இல் கேரா நகரில் வலதுசாரி இசை விழாவுக்குப் போனவர்களுக்கு மண்டையோடு போட்ட ரீசேர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்து, அவை கழுவியதும் படம் போய், உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், உதவுகிறோம் என்று எழுத்து வரும்படி செய்தார்களே, அவர்கள்தான். இப்படி வேலை செய்கிறவர்களுக்கு அரசு போதுமான காசு கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2024 ஆகஸ்டில் பவுட்சன் நகரில் தன்பாலினத்தவரின் ஊர்வலத்தை எதிர்த்து நூற்றுக்கணக்கில் திரண்டவர்களில் நிறையப் பேர் மிக இளையவர்கள், சிலருக்கு 90களின் அதே கோலம். இன்னும் பச்சை குத்தாத வயது.

88 போய்விட்டது. 14உம் போய்விட்டது, பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் தோல் கொஞ்சம் மினுங்கும். முதுகில் ஒன்று மிச்சம்: சிலுவையில் அறையப்பட்ட மொட்டைத் தலை உருவம், வார், சப்பாத்து எல்லாம் சேர்த்து. இதைத் தொட வேண்டாம் என்றார். இது அரசியல் இல்லை, பழைய தொழிலாளர் கலாசாரம், ஜமைக்காக்காரர்களோடு சேர்ந்தது, இனவெறி பிறகு யாரோ கொண்டுவந்தது என்றார். நான் டோசிர் அலியைப் பற்றிச் சொன்னேன், வருடத்தையும் சொன்னேன். அவர் கேள்விப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எல்லாவற்றையும் அழித்தால் பதினான்கு வயதில் நான் யாராக இருந்தேன் என்பதற்கு ஒன்றும் மிஞ்சாது” என்றார். டொக்டர் அவர் உடம்பு, அவர் முடிவு என்று கோப்பில் எழுதி சிகிச்சையை முடித்தார். சட்டப்படி டொக்டர் சொன்னது சரி. அந்த மனிதர் நல்லவராகத்தான் மாறியிருக்கிறார் என்றும் நம்புகிறேன். அந்தப் படத்தில் அரசியல் இல்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, அதை அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன்.