கியூ அரண்மனையில் ஒரு கொத்தனார்

ஆயுசெல்லாம் செங்கல் அடுக்கியவரை எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் சுவரைத்தான் பார்ப்பார். என் மாமனார் ஈரோட்டுப் பக்கம் கொத்தனார். லண்டன் வந்தவரைக் கியூ தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். பூ, மரம், கண்ணாடி மாளிகை எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கியூ அரண்மனையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

பேர்தான் அரண்மனை, கட்டியவர் சாமுவேல் ஃபோர்ட்ரி என்ற வியாபாரி. வாசலுக்கு மேலே 1631 என்ற வருஷத்தோடு, தன் பெயர், மனைவி பெயர் முதலெழுத்துகளை முடிச்சுப் போட்டுச் செதுக்கியிருக்கிறார். ராஜ குடும்பம் பின்னால் வாடகைக்கு வந்ததுதான். மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி ராணி சார்லட் 1818-இல் இறந்தது இங்கேதான்.

மாமா சுவரை விரலால் தடவினார். "மாப்ள, காவி கலந்து சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. செவப்புக் கல்லுக்கு எதுக்குச் செவப்புச் சாயம்?" என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் கட்டுக்கு, அதாவது கல் அடுக்கிய முறைக்கு வந்தார். ஒரே வரிசையில் நீளவாக்கில் ஒரு கல், குறுக்கே ஒரு கல் என்று மாறி மாறிப் போகிறது. இதுதான் பிளெமிஷ் பாண்ட். இங்கிலாந்தில் இந்தக் கட்டு வந்த ஆரம்பகால வீடுகளில் இதுவும் ஒன்று.

"நமக்கு வரிசைக்கு வரிசை மாத்திப் போடுற இங்கிலீஷ் கட்டைக் கத்துக்கொடுத்துட்டு, இவங்க மட்டும் சோக்கா கட்டிக்கிட்டாங்க பாருங்க!"

பலம் அதில், அழகு இதில் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். சுவரில் கன்னத்தை ஒட்டி, ஒற்றைக் கண்ணால் நூல் பிடித்துப் பார்த்தார். ஊழியர் ஒருவர் பதறி ஓடிவந்து, "அவருக்கு உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குள் என் மனைவி மாடியெல்லாம் ஏறி இறங்கி, தனிக் கட்டடமாக நிற்கும் சமையலறையையும் பார்த்துவிட்டு வந்தாள். வேலைக்காரர்கள் வெந்நீர் சுமக்க வேண்டாமே என்று மூன்றாம் ஜார்ஜ் அங்கேயே போய்த் தகரத் தொட்டியில் குளிப்பாராம். மாமா முதல்முறையாக ராஜாவைப் பற்றி வாய் திறந்தார்: "நல்ல மனுஷன்."

கிளம்பும்போது பக்கச் சுவரில் இரண்டு நீளக் கல் அடுத்தடுத்து வந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பின்னால் பழுது பார்த்த இடமாக இருக்கலாம் என்றேன். "பார்த்தவனும் கொத்தனார்தானே?" என்றார். உடனே போட்டோ எடுக்கச் சொன்னார். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு லண்டனிலிருந்து அவர் அனுப்பிய ஒரே படம் அதுதான். 'அரண்மனை எங்கே?' என்று சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.